உறைபனி இல்லாத ஊரில் நடுகைத் திகதி: திருகோணமலைக்கு ஒரு மழைக் கணக்கு

வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் விதைப் பைக்கற்றுகளும் வரும். தக்காளி, கறிமிளகாய், இந்தப் பக்கம் பார்த்திராத கீரை. பின்பக்கத்தில் ‘கடைசி உறைபனிக்கு ஆறு கிழமை முன்னர் வீட்டுக்குள் விதைக்கவும்’ என்று இருக்கும். டொரொன்டோவில் அந்த நாள் மே மாத வாக்கில் வரும். திருகோணமலைக்கு அப்படியொரு நாளே கிடையாது. இலங்கையில் உறைபனி என்றால் நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் படிவதுதான். எங்கள் கரையில் மிகக் குளிரான ஜனவரியிலும் இரவு வெப்பநிலை 24 பாகையை ஒட்டியே நிற்கும்.

அந்த வரியை விட்டுவிடலாம். அந்தத் திகதியைக் கண்டுபிடிக்கும் முறையை விடத் தேவையில்லை. 30 ஆண்டுகளின் இரவு வெப்பநிலையை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் கடைசியாகச் சுழியப் பாகைக்குக் கீழே போன நாளைக் குறித்து, அவற்றை வரிசைப்படுத்தி, ‘இந்த நாளுக்குப் பிறகு நட்டால் பத்து ஆண்டில் ஒருமுறைதான் நட்டம்’ என்று சொல்கிறார்கள். இங்கே செடியைக் கொல்வது குளிர் அல்ல. முதல் மழையை நம்பி விதைத்தபின் வரும் வறட்சி, கார்த்திகை மார்கழி வெள்ளம், சித்திரைக்குப் பிந்திய வெக்கை ஆகிய மூன்றும்தான் கொல்லும். வெப்பநிலைப் பட்டியலின் இடத்தில் மழைப் பட்டியலை வைத்தால் அதே கணக்கு இங்கேயும் நடக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பனி நாட்டில் பொறுத்திருந்து நட்டால் சில நாள் மட்டும்தான் போகும். இங்கே மழை உறுதியாகட்டும் என்று அதிகம் பொறுத்தால், நாற்று வேர் பிடிக்கும் முன்னமே பெருமழைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாப் பயிருக்கும் ஒரே ‘பாதுகாப்பான திகதி’ என்பது திருகோணமலையில் வேலைக்காகாது. பயிருக்குப் பயிர் வேறு திகதி எடுக்க வேண்டும்.

தரவு எங்கே கிடைக்கும்

தேவைப்படுவது நாளாந்த மழை, மில்லிமீற்றரில், 30 மாரிக்கு. மாதச் சராசரி போதாது. திருகோணமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மி.மீ. மழை, அதில் நவம்பரும் டிசம்பரும் தலா 300 மி.மீ.க்கு மேல், ஜூன் மிக வரண்ட மாதம் என்பதெல்லாம் சராசரி சொல்லும். ஒக்டோபரில் பெய்த 200 சொச்சம் ஒரே மூன்று நாளில் கொட்டியதா, மாதம் முழுவதும் பரவிப் பெய்ததா என்பதை அது சொல்லாது. விதை முளைப்பதும் காய்வதும் அந்தப் பரவலில்தான் இருக்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் திருகோணமலை நிலையப் பதிவுதான் முதல் தெரிவு. அங்கே ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. உங்கள் வீட்டு அளவீட்டையும் அதே நேரத்தில் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். கந்தளாய் போன்ற குளங்களை ஒட்டிய இடங்களில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மழைப் பதிவையும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் கைக்கு எட்டாவிட்டால், 1981 முதல் நாளாந்தத் தரவு தரும் இலவச இணைய மூலங்கள் இரண்டு உண்டு: நாசா பவர் (NASA POWER), சிர்ப்ஸ் (CHIRPS). நகருக்கு அகலக்கோடு 8.57, நெடுங்கோடு 81.23 என்று கொடுங்கள். சிர்ப்ஸின் கட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர், ஆகவே கரைக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரளவு தெரியும். நாசா பவரின் கட்டம் மிகப் பெரியது. அதில் மழையே இல்லாத நாளுக்கும் தூறல் விழுந்ததாகக் காட்டும் பழக்கம் உண்டு. அதனால் அதைப் பாவிக்கும்போது 2 மி.மீ.க்குக் குறைந்த நாளை வரண்ட நாளாகவே எண்ணுங்கள். இல்லாவிட்டால் வறட்சி இடைவெளிகள் கணக்கில் மறைந்துபோகும்.

மழை பிடிக்கும் நாள்

செப்டெம்பர் 1ஐ முதலாம் நாளாக வையுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் அங்கிருந்து இறங்கிப் பார்த்து, அடுத்தடுத்த மூன்று நாட்களின் மொத்தம் 30 மி.மீ.யைத் தொடும் முதல் நாளைக் குறியுங்கள். அதற்குப் பின்னான 30 நாட்களைப் பாருங்கள். அவற்றுக்குள் எங்காவது தொடர்ந்து 10 நாட்களின் மொத்த மழை 5 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் அது பொய்த் தொடக்கம். அதை வெட்டிவிட்டு, கீழே இறங்கி அடுத்த 30 மி.மீ.யைத் தேடுங்கள். தேர்வில் தேறிய நாள்தான் அந்த ஆண்டின் மழை பிடித்த நாள்.

எத்தனை ஆண்டில் பொய்த் தொடக்கம் வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், அது தனியாகப் பயன்படும். செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் முற்பாதியிலும் பெய்வது பெரும்பாலும் பின்னேர இடிமழை. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை அதற்குப் பிறகுதான். இடிமழை கந்தளாயை நனைத்துவிட்டு உப்புவெளியில் ஒரு துளி விழாமல் போகலாம். நிலம் நன்றாக நனைந்துவிட்டது என்று சோளனும் கச்சானும் ஊன்றுவார்கள். ஐந்தாம் நாள் முளைக்கும், பதினைந்தாம் நாள் கருகும்.

30 மி.மீ., 10 நாள் என்ற அளவுகள் களிகலந்த மண்ணுக்கு. நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலுக்கு 20 மி.மீ. போதும், ஆனால் வறட்சி வரம்பை 7 நாளாகக் குறைக்க வேண்டும். மணல் சீக்கிரம் நனையும், அதைவிடச் சீக்கிரம் காயும்.

இப்போது 30 ஆண்டுக்கும் 30 எண்கள் கையில் இருக்கும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். வரிசை எண்ணை 31ஆல் வகுத்தால் வாய்ப்பு வரும். 6ஆவது எண் ஏறத்தாழ 20 வீதம், 15க்கும் 16க்கும் நடு 50 வீதம், 25ஆவது 80 வீதம். உதாரணத்துக்கு 25ஆவது எண் 48 என்று வந்தால் அது ஒக்டோபர் 18, ஏறத்தாழ ஐப்பசி முதலாம் திகதி. ஐந்து ஆண்டில் நான்கில் அந்த நாளுக்குள் மழை பிடித்துவிட்டது என்று பொருள். (இந்த 48 கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தது. உங்கள் எண்ணை உங்கள் பட்டியலில் இருந்தே எடுங்கள்.)

தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுவதால் புரட்டாதி, ஐப்பசி என்று குறித்து வைப்பதில் தவறில்லை. தீபாவளியை வைத்துக் குறிக்காதீர்கள். அது ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையே ஆண்டுக்காண்டு நகரும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பை வைத்து நினைவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல், அது ஆண்டுக்கு 11 நாள் அளவு முன்னால் வந்துகொண்டே இருக்கும்.

பெருமழை நாளும் நடுவில் உள்ள இடைவெளியும்

அதே பட்டியலில், மழை பிடித்த நாளுக்குப் பிறகு மூன்று நாள் மொத்தம் 100 மி.மீ.யைத் தாண்டும் முதல் நாளை ஒவ்வோர் ஆண்டும் தேடுங்கள். இதையும் அடுக்குங்கள். இம்முறை எடுக்க வேண்டியது 25ஆவது அல்ல, 6ஆவது. ஆபத்து முந்தி வரும் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பனி நாட்டிலும் இப்படித்தான்: வசந்தத்தின் கடைசிப் பனிக்குப் பிந்திய திகதியையும், இலையுதிர்காலத்தின் முதல் பனிக்கு முந்திய திகதியையும் எடுப்பார்கள். பலர் இரண்டுக்கும் ஒரே பக்கத்தை எடுத்துக் குழம்புவது இங்கேதான்.

மழை பிடிக்கும் 80 வீத நாளுக்கும் பெருமழையின் 20 வீத நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். இந்தக் கணக்கு முழுவதிலும் மிகப் பெறுமதியான எண் அதுதான். மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் வெண்டி, பயற்றங்காய், சோளன் போன்றவற்றை நேரடியாக ஊன்றலாம். மூன்று கிழமைக்குக் குறைவு என்றால் நேரடி விதைப்பை நம்ப முடியாது. நாற்றாக வளர்த்து நட்டு நாட்களை மிச்சம் பிடிக்க வேண்டும், அல்லது கிணற்று நீரை நம்பி 50 வீத நாளிலேயே தொடங்க வேண்டும். இரண்டு எண்ணும் முன்பின் மாறி வருவதும் உண்டு. மழை பிடிப்பதே கொட்டும் மழையாக இருக்கும் ஆண்டுகள் பட்டியலில் பல இருந்தால் அப்படி வரும். அந்த இடத்தில் பாத்தியை உயர்த்தாமல் எதுவும் செய்ய முடியாது.

கிணறும் வாளியும் கைவசம் உள்ளவர், மழை பிடிக்கும் நாளை ஒட்டி நடும் பயிர்களுக்கு 50 வீத நாளை எடுக்கலாம். பொய்த் தொடக்கம் வந்தால் ஒன்றரைக் கிழமை தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு சதுர மீற்றருக்கு 1 மி.மீ. என்பது 1 லீற்றர். மாரிக் காலத்தில் பாத்தி நாளுக்கு 4 மி.மீ. அளவு இழக்கும் என்று வைத்தால், 10 சதுர மீற்றர்ப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர். மழையை மட்டும் நம்பும் காணிக்கு 80 வீத நாள்.

பாத்தி வேலை மண்ணைப் பொறுத்தது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் போன்ற தாழ்ந்த களிநிலங்களில் 25 முதல் 30 செ.மீ. உயரம், 1 மீற்றர் அகலம், நடுவே 40 செ.மீ. வாய்க்கால். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதைப் பாத்தி கட்டும் முன்னமே பார்த்துவிடுங்கள், பக்கத்து வளவுக்குள் முடிந்தால் மழையை விடப் பெரிய சண்டை வரும். கொச்சிக்காய் வேர் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றால் செடி வாடி விழும். தண்ணீர் வடிந்தபின்னும் தேறாது. நிலாவெளி மணலில் உயரப் பாத்தி வேண்டாம். அங்கே பிரச்சினை உரம் கழுவப்பட்டுப் போவது. ஒரே முறையில் இடும் யூரியாவை மூன்று நான்கு பங்காகப் பிரித்து, பெருமழை ஓய்ந்த இடைவெளிகளில் இடுங்கள்.

புயலுக்கு இந்தக் கணக்கு உதவாது. 1964 டிசம்பர்ப் புயலும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு கரைகடந்த புரெவியும் இந்தப் பக்கத்தைத்தான் தொட்டன, ஆனால் புயல் நாளைப் பட்டியலில் இருந்து எடுக்க முடியாது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் முட்டுக்கம்பு நட்டு வையுங்கள். நாற்றில் கால்பங்கை மேலதிகமாகத் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருங்கள்.

மழை விடும் நாள்

இதற்கு மழை நின்ற நாளைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மண்ணுக்குள் உள்ள ஈரம் தீரும் நாளைப் பார்க்க வேண்டும். ஜனவரி 1இல் மண் முழுக்க நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு நாட்கணக்கு எழுதுங்கள்: நேற்றைய மிச்சம், கூட்டல் இன்றைய மழை, கழித்தல் 4 (மேலே சொன்ன நாளாந்த இழப்பு, மி.மீ.யில்). மிச்சம் மண்ணின் கொள்ளளவுக்கு மேல் போனால் கொள்ளளவிலேயே நிறுத்துங்கள், மிகுதி வடிந்துவிடும். மிச்சம் சுழியத்தைத் தொடும் முதல் நாள் அந்த ஆண்டின் முடிவு நாள்.

40 செ.மீ. வேர் ஆழத்துக்குக் கொள்ளளவு கரையோர மணலில் 30 மி.மீ. அளவு, களிகலந்த மண்ணில் 60 மி.மீ. அளவு. மழை முற்றாக நின்றால் முதலாவது எட்டாம் நாள் தீரும், இரண்டாவது பதினைந்தாம் நாள். அதாவது ஒரே மழைக்கு நிலாவெளியின் முடிவு நாள் தம்பலகாமத்தை விட ஒரு கிழமை முந்தும். நகரத்துத் தரவை எடுத்து இரண்டு இடத்துக்கும் ஒரே திகதி சொல்வது இதனால்தான் பிழைக்கிறது. முடிவு நாட்களையும் அடுக்கி, 6ஆவதை எடுங்கள்.

உதாரணக் கணக்கில் தொடக்கம் ஒக்டோபர் 18, முடிவு பெப்ரவரி 5 என்றால் கையில் 110 நாள்.

வெக்கை ஏறும் நாள்

நாளாந்த உச்ச வெப்பநிலையை எடுத்து, பெப்ரவரி 1க்குப் பிறகு தொடர்ந்து ஐந்து நாள் 33 பாகையை எட்டும் முதல் நாளைக் குறியுங்கள். தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் இதுதான் உறைபனி. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் பூ நிற்காது, கொட்டிவிடும். இலை பச்சையாக, செடி உயரமாக இருக்கும், காய் மட்டும் இராது. உரம் போட்டு அதைத் திருத்த முடியாது.

கொச்சிக்காய் வெக்கையைத் தாங்கும். அதற்கு வேறு தொல்லை: கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் பேன்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகி இலை சுருளும்.

பின்னோக்கி எண்ணுவது

நாள் எண்கள் கிடைத்தபின் ஒவ்வொரு பயிருக்கும் எந்த எல்லை முக்கியம் என்று முடிவெடுத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாட்டுப் பைக்கற்றில் ‘கடைசி உறைபனி’ என்றிருக்கும் இடத்தில் கொச்சிக்காய்க்கும் கத்தரிக்கும் மழை பிடிக்கும் நாளை வையுங்கள். தக்காளிக்கு அப்படி வைத்தால் தோற்பீர்கள்.

கொச்சிக்காய்க்கு நாற்றுமேடை 30 முதல் 35 நாள். ஒக்டோபர் 18இல் நட வேண்டும் என்றால் செப்டெம்பர் 13 முதல் 18க்குள் விதை போட வேண்டும். கத்தரி 25 முதல் 30 நாள். நட்டு 60 முதல் 75 நாளில் முதல் காய், ஆகவே தைப்பொங்கலுக்கு முன்பே பறிக்கத் தொடங்கலாம்.

தக்காளிக்கு எல்லை மழை பிடிக்கும் நாள் அல்ல. மழையில் பூ உதிரும், பழம் வெடிக்கும், பற்றீரியா வாடல் பாத்தி பாத்தியாகப் பரவும். பூக்கும் காலம் ஜனவரி, பெப்ரவரிக்குள் விழ வேண்டும். 21 முதல் 25 நாள் நாற்றை டிசம்பர் இறுதியில் நட்டால் அது அமையும். அதாவது விதை போடுவது டிசம்பர் முதல் கிழமை, பெருமழைக்கு நடுவில், கூரைக்குக் கீழே. அறுவடை மழை விட்ட பிறகும் நீளும் என்பதால் கிணறு இல்லாமல் தக்காளி வேண்டாம்.

கச்சானுக்கு 95 முதல் 110 நாள். முந்தி விதைத்து மழைக்குள் முற்றினால் கொத்தாய்க் காய்க்கும் இனங்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிந்தினால் களிமண் இறுகி, இழுக்கும்போது காய் மண்ணில் தங்கிவிடும். முடிவு நாளுக்குச் சில நாள் முன், மண்ணில் ஈரம் இருக்கும்போதே பிடுங்கும்படி எண்ணுங்கள். பயறு 60 முதல் 65 நாள், காய் காய்வது முடிவு நாளை ஒட்டி விழ வேண்டும். பின்னோக்கி எண்ணினால் விதைப்பு டிசம்பர் தொடக்கத்தில் வந்து நிற்கும், தண்ணீர் வடியும் மேட்டு நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் அது சரி.

சின்ன வெங்காயம் பெருமழை ஓயும் வரை காத்திருக்கட்டும். 60 முதல் 70 நாள் பயிர், கிளப்பும்போது வெயில் வேண்டும். வெண்டி 45 முதல் 50 நாள், பயற்றங்காய் 50 முதல் 55. கீரைக்கு 25 முதல் 30 நாள் போதும், அதற்குக் கணக்கே தேவையில்லை, பெருமழை கொட்டும் கிழமைகளில் மட்டும் விதையைத் தூவாதீர்கள், அடித்துக்கொண்டு போய்விடும்.

செப்டெம்பர் நாற்றுமேடை பற்றி ஒரு எச்சரிக்கை: அது கச்சான் காற்றின் வாலுக்குள் விழும். மேற்கிலும் தென்மேற்கிலும் கிடுகு மறைப்பு, மேலே கிடுகோ 50 வீத நிழல் வலையோ. நடுவதற்கு 7 நாள் இருக்கும்போது நிழலைச் சிறிது சிறிதாக எடுங்கள். நாற்று அடியழுகாமல் இருக்க மேடையில் வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பது பழைய வழி. ஓகஸ்ட் வெயிலில் ஈரமண்ணின் மேல் தெளிந்த பொலித்தீனை விரித்து, ஓரத்தை மண்ணால் மூடி மூன்று கிழமை விடுவது இன்னொன்று. கறுப்புப் பொலித்தீன் அந்த அளவுக்கு மண்ணைச் சூடாக்காது.

உங்கள் வளவின் திருத்தம்

15 செ.மீ. வாயுள்ள புனலை 5 லீற்றர் கானில் பொருத்துங்கள். வாயின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர செ.மீ., ஆகவே கானில் சேரும் ஒவ்வொரு 17.7 மில்லிலீற்றரும் 1 மி.மீ. மழை. சிறிய போத்தல் வைத்தால் பெருமழை நாளில் நிரம்பி வழிந்து, மிக முக்கியமான அளவே தவறிவிடும். 5 லீற்றர் என்றால் 280 மி.மீ. வரை தாங்கும். தென்னைக்குக் கீழே வைக்காதீர்கள். பக்கத்து மரம், சுவர் எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொப்பியில் எழுதிவிட்டுக் கொட்டுங்கள்.

ஒரு மாரி முடிந்ததும் உங்கள் மொத்தத்தை அதே நாட்களுக்கான நிலைய மொத்தத்தால் வகுங்கள். 0.85 வந்தால் பழைய 30 ஆண்டின் ஒவ்வொரு நாளையும் 0.85ஆல் பெருக்கி, கணக்கை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாரியை வைத்து எடுக்கும் திருத்தம் தளம்பும், மூன்று மாரி சேர்ந்தால் நம்பலாம்.

பசுபிக் கடல் வழமையை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கும், அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறையும் போக்கும் உண்டு. உங்கள் 30 எண்களில் எல் நினோ ஆண்டுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். அப்படியொரு ஆண்டு அறிவிக்கப்பட்டால் பாத்தியை இன்னும் 5 செ.மீ. உயர்த்துங்கள், கச்சானில் 95 நாள் இனத்தை எடுங்கள், பயறை அந்த ஆண்டு மேட்டிலும் போடாமல் விடுங்கள்.